சிங்கப்பூரில் வேலையிடக் காயம்: ‘கம்பெனி பார்த்துக்கும்’ என்று விட்டுவிடலாமா?

ரெபார்_ராமநாடு

டோமில் (தொழிலாளர் விடுதியில்) பக்கத்து அறைத் தம்பி ஒருவருக்காகக் கேட்கிறேன். கட்டுமான சைட்டில் கம்பி வளைக்கிற மெஷினில் கை மாட்டி, இடது கை ஆள்காட்டி விரல் நுனி நசுங்கிவிட்டது. விபத்து நடந்தது 2025 டிசம்பரில். கம்பெனி டிரைவர் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போய்த் தையல் போட்டு வந்தார். 2 நாள் எம்.சி (மருத்துவ விடுப்பு), அதற்குப் பிறகு 10 நாள் லைட் டூட்டி (இலகுவான வேலை). விரல் இன்னும் முழுசா மடங்கவில்லை, குளிரில் மரத்துப்போகிறது என்கிறார்.

எம்.ஓ.எம்-மில் (மனிதவள அமைச்சில்) சொல்லிவிட்டீர்களா என்று கம்பெனியைக் கேட்டால் "இன்சூரன்ஸ் இருக்கு, நாங்க பார்த்துக்கறோம்" என்பதுதான் பதில். காகிதம் எதுவும் கையில் தரவில்லை. இப்போது அவர் என்ன செய்யவேண்டும்? சம்பளம் எவ்வளவு வரவேண்டும்? விரலுக்கு இழப்பீடு உண்டா? கேஸ் போட்டால் வேலை பெர்மிட் போய்விடும் என்று பயப்படுகிறார்.

துவாஸ்_தென்றல்

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருப்பது 2019-ஆம் ஆண்டின் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம். நம் ஆட்கள் ‘விக்கா’ என்று சொல்வது இதைத்தான். இதில் யார் தப்பு என்ற கேள்வியே கிடையாது. தம்பி கையுறை போடாமல் இருந்திருக்கலாம், அவசரப்பட்டுக் கையை விட்டிருக்கலாம். அதனால் உரிமை போகாது. வேலை செய்யும்போது, வேலையின் காரணமாகக் காயம் பட்டது என்பது போதும். குடித்துவிட்டு வேலை செய்தது, தானே வேண்டுமென்று காயப்படுத்திக்கொண்டது, வலியப் போய்ச் சண்டை போட்டது போன்றவைதான் விதிவிலக்கு.

கிடைக்கவேண்டியவை மூன்று. எம்.சி மற்றும் லைட் டூட்டி நாட்களுக்கான சம்பளம். மருத்துவச் செலவு. நிரந்தரக் குறைபாடு இருந்தால் அதற்கான மொத்தத் தொகை.

முக்கியமானது இது. ஒரே ஒரு நாள் எம்.சி கொடுத்தாலும், எம்.சி இல்லாமல் லைட் டூட்டி மட்டும் கொடுத்தாலும், விபத்தைப் பற்றித் தெரிந்த 10 நாட்களுக்குள் முதலாளி எம்.ஓ.எம்-மில் தெரிவித்தாகவேண்டும். பழைய சட்டத்தில் எம்.சி 3 நாளைத் தாண்டவேண்டும், அல்லது 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் படுத்திருக்கவேண்டும் என்று இருந்தது. 2 நாள் எம்.சி கொடுத்து நிறுத்திவிடும் பழக்கம் அந்தக் காலத்து மிச்சம். இன்று அதற்கு அர்த்தமே இல்லை. ஆனாலும் பல சூப்பர்வைசர்கள் இன்னும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறார்கள்.

நோட்டுப்புத்தகம்

தென்றல் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கம்பெனி ரிப்போர்ட் செய்வது வேறு, தொழிலாளி க்ளெய்ம் (இழப்பீட்டுக் கோரிக்கை) போடுவது வேறு. ரிப்போர்ட் போயிருந்தாலும் விபத்து நடந்த தேதியிலிருந்து 1 வருடத்துக்குள் க்ளெய்ம் இருக்கவேண்டும். ‘அவங்க பார்த்துக்கறாங்க’ என்று காத்திருந்து அந்த ஒரு வருடத்தைக் கோட்டைவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம். தம்பிக்கு 2026 டிசம்பர் வரை இருக்கிறது என்று தள்ளிப்போடவும் வேண்டாம். நாள் ஆக ஆக சாட்சி சொல்பவர்கள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள், மெஷினும் போய்விடும்.

கம்பெனி ரிப்போர்ட் செய்யாவிட்டால் தொழிலாளியே எம்.ஓ.எம் இணையதளம் வழியாகக் காயத்தைத் தெரிவிக்கலாம். இணையத்தில் செய்யத் தெரியாவிட்டால் பெண்டமீர் ரோட்டில் இருக்கும் எம்.ஓ.எம் சேவை நிலையம், இல்லையென்றால் வெளிநாட்டு ஊழியர் நிலையம், டி.டபிள்யூ.சி.2, ஹோம், ஹெல்த்சர்வ் போன்ற தொழிலாளர் உதவி அமைப்புகள். வக்கீல் வேண்டியதில்லை. க்ளெய்ம் போடக் கட்டணமும் கிடையாது.

மருந்துச்சீட்டு

சம்பளத்துக்கு முன்னால் விரலைப் பாருங்கள். நுனி நசுங்கிய விரல் மடங்கவில்லை, மரத்துப்போகிறது என்றால் எலும்பு முறிவு, தசைநார், நரம்பு மூன்றையும் பார்க்கவேண்டும். தையல் போட்ட கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்களா? எடுக்கவில்லை என்றால் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், கை அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கட்டும். கம்பெனி கூட்டிப்போகும் கிளினிக்குக்கு மட்டும்தான் போகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு இடத்தில் சிக்கல் வரும். ஒன்று, ஆபரேஷன் என்றால் கம்பெனியின் உத்தரவாதக் கடிதம் கேட்பார்கள். எல்.ஓ.ஜி என்பார்கள். கம்பெனி இழுத்தடித்தால் தேதி தள்ளிப்போகும். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியிலேயே மருத்துவ சமூகப் பணியாளரைப் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள், எம்.ஓ.எம்-முக்கும் தெரிவியுங்கள். மற்றது, மருத்துவரிடம் கம்பெனி ஆள் கூடவே உட்கார்ந்து பதில் சொல்வது. "டாக்டர், நான் தனியாகப் பேசவேண்டும்" என்று தமிழிலாவது சொல்லட்டும். மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் கேட்கலாம்.

எப்படி அடிபட்டது என்று கேட்கும்போது அரைகுறையாகச் சொல்லக்கூடாது. "மெஷின்ல மாட்டிச்சு" என்பதற்குப் பதில் "கட்டுமான சைட்டில், கம்பி வளைக்கும் மெஷினில், இந்தத் தேதி, இத்தனை மணிக்கு, உருளைக்கும் கம்பிக்கும் நடுவில் இடது ஆள்காட்டி விரல்" என்று சொல்லவேண்டும். அந்த முதல் குறிப்பைத்தான் பின்னால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் புரட்டிப் பார்ப்பார்கள்.

ரெபார்_ராமநாடு

இதைச் சொன்னதும் தம்பி முகம் மாறிவிட்டது. கிளினிக்கில் "டோம் கதவில் நசுங்கியது என்று சொல்லு, இல்லாட்டி சைட்டை மூடிடுவாங்க" என்று டிரைவர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொல்லிவிட்டாராம். இனி ஒன்றும் செய்யமுடியாதா?

துவாஸ்_தென்றல்

முடியும். கொஞ்சம் கூடுதல் வேலை, அவ்வளவுதான். இன்றைக்கே செய்யவேண்டியவை:

அரசு மருத்துவமனைக்குப் போகும்போது உண்மையைச் சொல்லி, முதலில் கிளினிக்கில் வேறு மாதிரி சொல்ல வைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். மருத்துவர் அதைக் குறித்துக்கொள்வார். பழைய சீட்டைத் திருத்தவோ தேதியை மாற்றவோ யாரும் கை வைக்கக்கூடாது. பொய்யான க்ளெய்ம் என்று ஆனால் 15,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 12 மாதம் வரை சிறை. உண்மையான காயத்தை ஒரு போலிக் காகிதம் கெடுத்துவிடும்.

அடுத்து, சம்பவம் முழுவதையும் அவர் கையால் தமிழில் எழுதி வைக்கட்டும். மெஷின் எங்கே இருந்தது, யார் பெடலை மிதித்தார், யார் ரத்தத்தைத் துடைத்தார், எந்த வண்டியில் போனார்கள், வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது. அன்று பக்கத்தில் வேலை செய்த இரண்டு பேர் பெயரும் கைப்பேசி எண்ணும். சூப்பர்வைசருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல், ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊரில் ஒருவருக்கு அனுப்பி வைக்கட்டும். போன் தொலைந்தாலும் சாட்சி இருக்கும். "எப்போ லைட் டூட்டி முடியும், கை சரியாச்சா, மெஷின் பக்கம் போகாதே" என்று சூப்பர்வைசர் அனுப்பிய ஒரு வரியே பல நேரம் போதுமானதாக இருக்கும்.

சைட்டில் அன்றைய நுழைவுப் பதிவு இருக்கும். டோம் கேட்டிலும் உள்ளே வெளியே போன நேரம் பதிவாகியிருக்கும். காலை 10 மணிக்கு சைட்டில் இருந்தவர் விரலை டோம் கதவு எப்படி நசுக்கும்? இதைக் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள்.

இரவுஷிப்ட்

சம்பளக் கணக்கு. பேசிக்கை (அடிப்படைச் சம்பளத்தை) வைத்து எம்.சி சம்பளம் போட்டால் சரிதானே? எங்கள் கம்பெனியில் அப்படித்தான் போடுகிறார்கள்.

நோட்டுப்புத்தகம்

சரியில்லை. அதிகம் ஏமாறும் இடம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

விக்காவில் எல்லாக் கணக்கும் சராசரி மாத வருமானத்தை வைத்துத்தான். விபத்துக்கு முந்தைய 12 மாதங்களில் வாங்கிய மொத்தச் சம்பளம், ஓ.டி (கூடுதல் நேர வேலைச் சம்பளம்) உட்பட, அதை 12-ஆல் வகுக்கவேண்டும். போனஸ், சாப்பாட்டு அலவன்ஸ் போன்றவை சேரும். போக்குவரத்து அலவன்ஸ், வேலைச் செலவுக்காகத் திருப்பிக் கொடுத்த பணம் ஆகியவை சேராது. 12 மாதம் ஆகாத புது ஆள் என்றால் வேலை செய்த மாதங்களின் சராசரி.

தம்பிக்கு பேசிக் 800 வெள்ளி, ஓ.டி சேர்த்து 12 மாதத்தில் மொத்தம் 15,600 வெள்ளி வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். சராசரி மாதம் 1,300. ஒரு நாள் கணக்குக்கு மாத வருமானத்தை 12-ஆல் பெருக்கி, 52 வாரத்தாலும் வார வேலை நாளாலும் வகுக்கவேண்டும். வாரம் 6 நாள் வேலை என்றால் 15,600-ஐ 312-ஆல் வகுக்க, நாளுக்கு 50 வெள்ளி. பேசிக்கை வைத்துப் போட்டால் 9,600-ஐ 312-ஆல் வகுத்து 30 வெள்ளி 77 காசு. ஒவ்வொரு எம்.சி நாளிலும் 19 வெள்ளிக்கு மேல் கையைவிட்டுப் போகிறது.

ஆஸ்பத்திரியில் படுக்காத எம்.சி என்றால் 14 நாள் வரை, ஆஸ்பத்திரி விடுப்பு என்றால் 60 நாள் வரை இந்தச் சராசரி முழுசாக வரும். அதற்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கு, விபத்திலிருந்து 1 வருடம் வரை. லைட் டூட்டிக்கும் இதே சராசரிதான். ஓ.டி இல்லாமல் உட்கார வைத்து வெறும் பேசிக் மட்டும் கொடுப்பது தவறு. பணம் வழக்கமான சம்பள நாளுக்குள் வரவேண்டும். "இன்சூரன்ஸ் குடுத்ததும் தர்றோம்" என்று சொல்லமுடியாது. கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு இன்சூரன்ஸிடம் வாங்கிக்கொள்ளவேண்டியதுதான்.

அதனால் 12 மாத பேஸ்லிப், வங்கிக் கணக்குப் பதிவு, ஓ.டி நேரம் எழுதிய சின்ன நோட்டு எல்லாம் எடுத்து வையுங்கள். கையில் ரொக்கமாக ஓ.டி வாங்குபவர்கள் ஒவ்வொரு மாதமும் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணம் காகிதத்தில் இல்லை என்றால் சராசரி இறங்கும், எம்.சி சம்பளமும் இறங்கும், கடைசியில் விரலுக்கு வரும் தொகையும் இறங்கும். மூன்றுக்கும் ஒரே அடித்தளம். வேலைக்கு வருமுன் வந்த ஐ.பி.ஏ கடிதத்தையும் (பெர்மிட்டுக்கான முன் அனுமதிக் கடிதம்) தேடி எடுங்கள். அதில் பேசிக்கும் அலவன்ஸும் அச்சாகியிருக்கும்.

அறந்தாங்கி_அலை

விரலுக்கான தொகை எப்படி வருகிறது? எம்.ஓ.எம் ஒரு விரலுக்கு இவ்வளவு என்று போட்டுவிடுமா?

துவாஸ்_தென்றல்

விரலுக்கு நேரடி விலை இல்லை. சராசரி மாத வருமானம், வயதுக்கான பெருக்கு எண், குறைபாட்டுச் சதவீதம் மூன்றையும் பெருக்கவேண்டும். வயது கூடக் கூடப் பெருக்கு எண் குறையும். அதோடு தொகைக்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் உண்டு. இங்கே விபத்துத் தேதி முக்கியம்.

2025 நவம்பர் 1-ஆம் தேதியிலிருந்து நடந்த விபத்துக்கு, முழு நிரந்தரக் குறைபாட்டின் கீழ்வரம்பு 1,16,000 வெள்ளி, மேல்வரம்பு 3,46,000. அதற்கு முந்தைய விபத்துக்கு 97,000-மும் 2,89,000-மும். பகுதிக் குறைபாடு என்றால் இந்த வரம்புகளையும் சதவீதத்தால் குறைக்கவேண்டும். தம்பியின் விபத்து டிசம்பரில் என்பதால் புது வரம்பு. உதாரணத்துக்கு 4 சதவீதம் என்று மருத்துவர் போட்டால் குறைந்தது 4,640 வெள்ளி. 6 சதவீதம் என்றால் குறைந்தது 6,960. சம்பளம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இதற்குக் கீழே போகாது. குறைந்த சம்பளக்காரருக்குக் கீழ்வரம்புதான் உண்மையான காவல்.

மருத்துவச் செலவு புது வரம்பில் 53,000 வெள்ளி வரை அல்லது விபத்திலிருந்து 1 வருடம், எது முதலில் வருகிறதோ அது. பழைய வரம்பு 45,000. பிசியோதெரபியும் இதில் அடங்கும். அது முக்கியம், ஏனென்றால் விரல் மடங்காமல் போவதற்குப் பாதிக் காரணம் பயிற்சியைப் பாதியில் விடுவது. "வண்டி இல்லை, இன்னொரு நாள் போ" என்றால் தானே பேருந்து பிடித்துப் போகட்டும்.

உயிரிழப்பு என்றால் குடும்பத்துக்குப் புது வரம்பில் குறைந்தது 91,000, அதிகபட்சம் 2,69,000. ஊரில் இருக்கும் குடும்பங்களுக்கு இது தெரியவேண்டும்.

மருந்துச்சீட்டு

சதவீதம் போடும் நாள் பற்றி. பொதுவாகக் காயம் ஆறி, இதற்கு மேல் மாறாது என்ற நிலைக்கு வந்ததும் சிகிச்சை தந்த மருத்துவர் மதிப்பீடு செய்வார். கோணமானியால் ஒவ்வொரு மூட்டும் எவ்வளவு மடங்குகிறது என்று அளப்பார்கள், பிடிமானம் பார்ப்பார்கள், உணர்ச்சியைத் தொட்டுப் பார்ப்பார்கள். "பரவாயில்லை சார், சமாளிக்கிறேன்" என்று மரியாதைக்காகச் சொல்லும் ஆட்கள் நம்மிடம் அதிகம். அன்றைக்கு அந்த மரியாதை வேண்டாம். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, நட்டு பிடிக்க முடியவில்லை, காலையில் ஒரு மணி நேரம் விறைத்திருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். கூட்டியும் சொல்லவேண்டாம். அளக்கும்போது வேண்டுமென்று மடக்காமல் இருந்தால் தேர்ந்த மருத்துவருக்கு உடனே தெரிந்துவிடும்.

முதுகு வலிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: தூக்கும்போது பிடித்துக்கொண்டால் அன்றே சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்துச் சொன்னால், எம்.ஆர்.ஐ-யில் தெரியும் தேய்மானத்தைக் காட்டி ‘இது பழைய வலி’ என்று மறுப்பார்கள். விரல் போனால் கண்ணுக்குத் தெரியும், முதுகுக்குத் தேதிதான் சாட்சி.

ரெபார்_ராமநாடு

பெர்மிட் பயத்துக்கு என்ன சொல்ல? நாளை பெர்மிட்டைக் கேன்சல் செய்து டிக்கெட் போட்டுவிட்டால்?

நோட்டுப்புத்தகம்

பெர்மிட்டைக் கேன்சல் செய்ய கம்பெனியால் முடியும், அதை மறைக்கவேண்டாம். ஆனால் பெர்மிட் போனால் க்ளெய்ம் போகாது. வேலையை விட்ட பிறகும் அந்தக் கம்பெனியின் மேல் க்ளெய்ம் இருக்கும். கேஸ் நடக்கும் வரை தங்க ஸ்பெஷல் பாஸ் கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் இடம், சாப்பாடு, மருத்துவம் மூன்றும் பழைய முதலாளியின் பொறுப்பு. ஆனால் ஸ்பெஷல் பாஸில் இஷ்டத்துக்கு வேலை பார்க்க முடியாது. பார்த்து மாட்டினால் காயத்துக்கான கேஸோடு இன்னொரு கேஸும் சேரும். வருமானம் இல்லாத மாதங்கள் வரும், ஊருக்கு அனுப்பும் பணம் நிற்கும். இதை வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. கடன்காரன் நெருக்கடியால் பாதியில் கிளம்பியவர்கள்தான் அதிகம் இழந்திருக்கிறார்கள்.

விமான நிலையத்துக்கு வலுக்கட்டாயமாகக் கூட்டிப்போனால், குடிநுழைவுக் கவுன்டரில் இருக்கும் அதிகாரியிடம் "எனக்கு வேலையிடக் காய இழப்பீடு பாக்கி இருக்கிறது, நான் போக விரும்பவில்லை" என்று சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் வராவிட்டால் ‘எம்.ஓ.எம், இஞ்சுரி, க்ளெய்ம்’ என்ற மூன்று சொல் போதும்.

"இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்து கேட்டால் போடவேண்டாம். இழப்பீட்டு உரிமையை எழுதிக் கொடுத்து இழக்க முடியாது, அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது. ஆனாலும் அந்தக் காகிதம் பின்னால் குழப்பத்துக்கு வழி வைக்கும்.

இரவுஷிப்ட்

லாரியில் சைட்டுக்குப் போகும்போது விபத்து என்றால்? இன்சூரன்ஸே எடுக்காத கம்பெனி என்றால்?

துவாஸ்_தென்றல்

கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியில் வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடந்தால் அடங்கும். நீங்களே எம்.ஆர்.டி ரயிலிலோ பொதுப் பேருந்திலோ போகும்போது என்றால் அடங்காது.

உடலுழைப்பு வேலை செய்யும் எல்லாருக்கும், சம்பளம் எவ்வளவானாலும், முதலாளி இன்சூரன்ஸ் எடுத்தே ஆகவேண்டும். எடுக்காவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை. இன்சூரன்ஸ் இல்லை என்பதற்காகக் கடமை நீங்காது, முதலாளி தன் கையிலிருந்து கொடுக்கவேண்டும். பெர்மிட்டுக்காக எடுக்கும் 60,000 வெள்ளி மருத்துவக் காப்பீட்டை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வேறு பாலிசி.

அறந்தாங்கி_அலை

வக்கீல் வைத்து கோர்ட்டில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

நோட்டுப்புத்தகம்

இரண்டில் ஒன்றுதான். விக்கா இழப்பீடும் வாங்கி, அதே காயத்துக்கு முதலாளி மேல் சிவில் வழக்கும் போட முடியாது. சிவில் வழக்கில் உச்சவரம்பு இல்லை, வலி வேதனைக்கும் கேட்கலாம். ஆனால் முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்கவேண்டும், விபத்திலிருந்து 3 வருடத்துக்குள் போடவேண்டும், தோற்றால் செலவு நம் தலையில். மெஷினில் பாதுகாப்பு மறைப்பு கழற்றப்பட்டிருந்தது, புகைப்படம் இருக்கிறது, கை முழுவதும் போய்விட்டது என்ற மாதிரிக் கேஸில் வக்கீலைப் பார்ப்பது நியாயம். விரல் நுனிக்கு என் ஆலோசனை விக்காதான். டோம் வாசலில் கார்டு கொடுத்துக் கமிஷன் சதவீதம் பேசும் ஆட்களிடம் போகவேண்டாம்.

ரெபார்_ராமநாடு

நன்றி. தம்பி நாளைக் காலை ஆஸ்பத்திரிக்குப் போகிறார், நானும் கூடப் போகிறேன். ஒரே ஒரு கேள்வி பாக்கி. மதிப்பீடு வந்த பிறகு காகிதம் எங்கே வரும்?

துவாஸ்_தென்றல்

கணக்கீட்டு அறிவிப்பு என்று ஒன்று வரும். அதில் சராசரி வருமானம், சதவீதம், தொகை, ஆட்சேபம் சொல்லக் கடைசித் தேதி எல்லாம் இருக்கும். வந்த அன்றே சராசரி வருமானம் ஓ.டி-யோடு போடப்பட்டிருக்கிறதா என்று பேஸ்லிப்பை வைத்துக் கூட்டிப் பாருங்கள். சதவீதம் ஒப்பாவிட்டால் ஆட்சேபம் போட்டு மருத்துவக் குழுவுக்குப் போகலாம், ஆனால் குழு சொல்வது முதலில் போட்டதைவிடக் குறைவாகவும் வரலாம். கடைசித் தேதி தாண்டினால் அதில் இருப்பதே முடிவு.

பழைய டோம் முகவரிக்கு அறிவிப்பு போய் யாரும் பிரிக்காமல் கிடப்பது நடக்கிற கதை. தம்பி இடம் மாறினாலோ சிம் மாற்றினாலோ அன்றே எம்.ஓ.எம்-முக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் புது முகவரியும் எண்ணும் தெரிவிக்கட்டும். நாளை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கிளினிக் எம்.சி, லைட் டூட்டிச் சீட்டு, பெர்மிட் அட்டை மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். எம்.சி மூலத்தைக் கம்பெனி கேட்டால் முதலில் போட்டோ எடுத்துவிட்டுக் கொடுங்கள்.